யோகோஹாமாவில் பத்திரிகை அருங்காட்சியகம்: போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோவிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். செய்தித்தாள் வாசனை பிடித்தவர் என்றால் பக்கத்து நகரமான யோகோஹாமாவில் இருக்கும் நியூஸ்பார்க் என்ற பத்திரிகை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஜப்பானிய மொழியின் முதல் தினசரியான யோகோஹாமா மைனிச்சி 1870களின் தொடக்கத்தில் பிறந்த ஊர் இதுதான், அதனால்தான் 2000இல் அருங்காட்சியகத்தையும் இங்கேயே திறந்தார்கள்.

டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தில் ஏறினால் மினாதோமிராய் பாதையில் தொடர்ந்து போகும் ரயில்கள் உண்டு. வண்டி மாறாமல் நிஹோன்-ஓதோரி நிலையத்தில் இறங்கலாம், வெளியே வந்தால் கட்டடம் பக்கத்திலேயே. திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. பெரியவர்களுக்கு 400 யென், பள்ளிப் பிள்ளைகளில் சின்னவர்களுக்கு இலவசம். கிளம்பும் முன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான், அதனால் போனில் கேமரா மொழிபெயர்ப்புச் செயலி கட்டாயம், சார்ஜும் நிறைய வேண்டும். எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். நுழைந்ததும் எதிர்ப்படும் ராட்சத ரோட்டரி அச்சு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, எடோ காலத்து (1603–1868) செய்தித் தாள்களான கவராபான்களைத் தேடுங்கள். மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டு, தெருவில் சத்தமாகப் படித்துக்கொண்டே விற்பார்களாம். அப்படி விற்றவர்களுக்கு யோமியுரி, அதாவது 'படித்து விற்பவர்', என்று பெயர். இன்றைய பெரிய நாளிதழ் யோமியுரியின் பெயரும் அதேதான்! அப்புறம் ஜோசப் ஹீகோவைத் தவறவிடாதீர்கள்: சிறுவனாகக் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தவர், அமெரிக்கக் குடிமகனாகித் திரும்பி வந்து 1860களில் யோகோஹாமாவில் ஜப்பானிய மொழியிலேயே வெளிநாட்டுச் செய்திகளைப் பத்திரிகையாக வெளியிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது போர்க்காலப் பகுதி. தணிக்கை ஒரு பக்கம், காகிதத் தட்டுப்பாடு இன்னொரு பக்கம். அரசு பத்திரிகைகளை ஒன்றோடொன்று இணைத்து, பெரும்பாலான மாகாணங்களில் ஒரே ஒரு உள்ளூர் நாளிதழ் மட்டும் மிஞ்சும்படி செய்துவிட்டது. இங்கே மட்டும் அவசரப்படாமல், மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பிள்ளைகள் கூட வந்தால், கணினியில் சொந்தமாக ஒரு செய்தித்தாள் தயாரித்து அச்சிட்டு எடுத்துப்போகும் இடம் இருக்கிறது, வரவேற்பில் கேளுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் கிளம்பிவிடுவது: அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒளிபரப்பு நூலகம் உண்டு. பழைய டிவி, ரேடியோ நிகழ்ச்சிகளை, விளம்பரங்களைக்கூட இலவசமாகப் பார்க்கலாம், கேட்கலாம். மொழி புரியாவிட்டாலும் பழைய விளம்பரங்கள் செம ஜாலி. பசித்தால் சைனாடவுன் நடக்கும் தூரம்தான்.