மூடிக்கு அடியில் வெண்ணெய் போலக் கசடு: பிசிவி அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் மாற்றி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, அதே இடத்தில் மறுபடி ஆயில் கசியும். இரண்டாவது பேக்கிங் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ஏற்பாடு) வால்வும் அதன் ஹோஸ்களும்தான். உள்ளே சேர்கிற அழுத்தத்துக்குப் போக வழியில்லை என்றால், அது எந்த ரப்பர் இளகியிருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இன்று டேப்பட் கவர், நாளை கிராங்க் ஆயில் சீல்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவில் கொஞ்சம் கிராங்க்கேஸுக்குள், அதாவது ஆயில் இருக்கும் அடிப்பகுதிக்குள், இறங்கத்தான் செய்யும். பட்டறையில் இதைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். அதில் எரியாத பெட்ரோல் ஆவி, அமிலத்தன்மையுள்ள வாயுக்கள், நீராவி எல்லாம் கலந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். சிறு பங்கு ஆயில் பக்கம் வந்து சேரும். இதையெல்லாம் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) உறிஞ்சலால் இழுத்து மறுபடி எரிக்கிற ஏற்பாடுதான் பிசிவி. ஏர் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து பிரீத்தர் ஹோஸ் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வரும். மறுபக்கம் வால்வு வழியாக அழுக்கு வாயு வெளியேறும்.

அடைப்பு நான்கு இடங்களில் வரலாம்: வால்வு, ஹோஸின் வளைவு, மேனிஃபோல்டில் ஹோஸ் சேரும் நிப்பிள், டேப்பட் கவருக்குள் ஆயில் துளிகளைப் பிரிக்கும் தடுப்புத் தகடுகள். வால்வு மலிவு என்பதால் அதை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மற்ற மூன்றையும் யாரும் பார்ப்பதில்லை.

முதலில் நிறம்

எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மூடியில் மட்டும் வெண்மையாக அல்லது வெளிர் மஞ்சளாக வெண்ணெய் போல ஒட்டியிருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால், அது நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து கடைக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிகளில், அதுவும் மழைக்காலத்தில், இது சகஜம். ஊட்டி, கொடைக்கானல் காலைக் குளிரில் இன்னும் சீக்கிரம் சேரும். கூலன்ட் மீட்டரில் முள் நடுவுக்கு வந்துவிட்டதாலேயே ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஆயில் சூடேற அதைவிட நேரமாகும். தொடர்ந்து 20 நிமிடமாவது ஓடினால்தான் உள்ளே சேர்ந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறும்.

டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த காபி நிறம், கூடவே கூலன்ட் மட்டமும் இறங்குகிறது என்றால் பிசிவியை விடுங்கள். ஹெட் கேஸ்கட் அல்லது ஆயில் கூலர் போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம். கலங்கிய ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கறுப்பாக, களி போல, விரலால் வழித்தால் கட்டியாக வந்தால் அது வேறு கதை. ஆயில் மாற்றாமல் காலம் கடத்தியதால் ஆயிலே வெந்து கெட்டுப்போயிருக்கிறது. இதற்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். ஏன் என்பது கடைசியில்.

அரை மணி நேரச் சோதனை

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஐடிலிங்கில் விடுங்கள். தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு தாளை வையுங்கள். பிரீத்தர் ஹோஸை ஏர் ஃபில்டர் பக்கம் கிள்ளி அடைத்தால், சில நொடிகளில் தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்ட வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் தாள் கொஞ்சம் துடிக்கும், அது இயல்பு. தாள் மேலே தூக்கி எறியப்பட்டால் ஒன்று பிசிவி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மூடியைத் தூக்கவே கஷ்டமாக, யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தால், எஞ்சினில் மெல்லிய விசில் கேட்டு மூடியைத் திறந்ததும் அது நின்றால், வால்வின் ரப்பர் மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. பல டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் தனி வால்வு இருக்காது. மெம்பிரேன் டேப்பட் கவருக்குள்ளோ எஞ்சின் மேலுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளோ இருக்கும். இப்படிக் கிழிந்தால் அளக்கப்படாத காற்று மேனிஃபோல்டுக்குப் போகும். ஸ்கேனரில் பி 0171 என்று கலவை மெலிந்ததற்கான கோடு வரும். ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் இந்த மூடிச் சோதனையைச் செய்துவிடுங்கள், காசு செலவில்லை.

அடுத்து வால்வு. கழற்றி, எஞ்சின் ஓடும்போதே மேனிஃபோல்டு ஹோஸோடு இணைந்திருக்க, திறந்த முனையைக் கட்டைவிரலால் மூடுங்கள். விரலை இழுக்க வேண்டும். வால்வுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தமும் கேட்கும். இழுப்பே இல்லை என்றால் எஞ்சினை நிறுத்தி வால்வையும் பிரித்துவிட்டு, ஹோஸில் விரலை வைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். இப்போது இழுத்தால் வால்வு குற்றவாளி. இப்போதும் இழுக்கவில்லை என்றால் ஹோஸிலோ நிப்பிளிலோ அடைப்பு. நிப்பிளுக்குள் கசடு கரியாகி இறுகி, ஊசி நுழையும் அளவு ஓட்டை மட்டும் மிஞ்சியிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம்.

வால்வைக் காதருகே ஆட்டினால் கலகலக்கும், அதனால் நல்லது என்று சொல்வது பாதி உண்மை. கலகலக்காவிட்டால் நிச்சயம் கெட்டது. கலகலத்தாலும் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சுத்தமான ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று சுலபமாகப் போக வேண்டும். மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் சிரமப்பட வேண்டும். ஊதுவதோடு நிறுத்துங்கள். வாயால் உறிஞ்சக் கூடாது, உள்ளே இருப்பது பெட்ரோலும் ஆயிலும் கலந்த ஆவி.

தண்ணீர்க் குழாய் மானோமீட்டர்

தாள் சோதனை ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று தெரிய, 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒளிபுகும் குழாய் 2 மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, ஒவ்வொரு கையும் 60 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்படி வைத்து, பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் பழைய ஆயில் மூடி ஒன்றைத் தேடி, ஓட்டை போட்டு நிப்பிள் பொருத்தி, குழாயின் மிச்ச நீளத்தை அதில் மாட்டுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் மாட்டுவதைவிட இது நல்லது. சில எஞ்சின்களில் டிப்ஸ்டிக் குழாயின் முனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், அளவு பொய்யாகும்.

எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் இருக்கும்போது இந்த மூடியை மெதுவாக மாட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் எஞ்சின் பக்கத்துக் கையில் தண்ணீர் ஏறும். இரு மட்டங்களுக்கும் இடையே சுமார் 2 முதல் 7 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. வித்தியாசம் 25 சென்டிமீட்டரைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே மூடியைக் கழற்றுங்கள், தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். மெம்பிரேன் கிழிந்ததற்கு அதுவே சாட்சி. தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் உள்ளே அழுத்தம்.

அழுத்தம் இருக்கிறது, ஆனால் வால்வு, ஹோஸ், நிப்பிள் மூன்றும் சுத்தம். அப்போது மிச்சம் இரண்டு: தடுப்புத் தகடு, அல்லது ரிங். டேப்பட் கவரைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்து, குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டதும் எண் ஏறினால் ரிங்தான். எண்கள் நன்றாக இருந்தால் கவரைத் திறங்கள்.

சுத்தம் செய்யும்போது

ஹோஸ் உப்பியோ இளகியோ இருந்தால் சுத்தம் செய்து மெனக்கெட வேண்டாம், மாற்றுங்கள். சாதாரணத் தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டினால் ஆயில் ஆவியில் ஊறி உள்பக்கம் சுருங்கி மறுபடி அடைக்கும். ஆயில் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். உலோகக் கவரை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ இரவு முழுதும் ஊறவைத்துக் கழுவி, தகட்டுக்குள் துளியும் தங்காமல் காயவைக்க வேண்டும். மெம்பிரேன் உள்ள பாகத்தில் கார்புரேட்டர் கிளீனர் அடிக்கக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். சில இடங்களில் அடைந்த ஹோஸைக் கழற்றி முனையைக் கீழே தொங்கவிட்டு ‘பிரச்சினை முடிந்தது’ என்பார்கள். முடியவில்லை: உறிஞ்சல் போய்விட்டதால் நீராவி உள்ளேயே தங்கும், கசடு முன்னைவிட வேகமாகச் சேரும்.

இப்போது கறுப்புக் களி. இதைப் பார்த்ததும் கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். கரைந்து விழும் கட்டிகள் நேராக அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் வலையைப் போய் அடைக்கும். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால் வலை ஏற்கெனவே பாதி அடைந்திருக்கக்கூடும். சம்ப்பை இறக்கி வலையைக் கையால் சுத்தம் செய்வதே சரி. அதன்பின் 1,500 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால், மிச்சம் இருப்பதை ஆயிலே மெல்லக் கரைத்துக்கொண்டு வரும்.

வெள்ளைக் கசடு திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் வண்டி தினமும் 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை’ என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் நெடுஞ்சாலையில் 70 டிகிரியிலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம். அந்த எஞ்சின் எப்போதும் பாதி வெந்த நிலையில் ஓடுகிறது, அதில் எந்தப் பிசிவி வால்வும் நிலைக்காது.

வேலை முடிந்த அன்று மானோமீட்டர் காட்டிய வித்தியாசத்தைக் கிலோமீட்டரோடு சேர்த்து சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அது 5 சென்டிமீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தால், பேக்கிங் கசியத் தொடங்குவதற்கு முன்பே ஹோஸைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.