குற்றவியல் நீதி முதுகலை மாணவர் கற்றதை மதிப்பிடுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்ட நகரத்தில் வார இறுதி வகுப்பாக முதுகலைக் குற்றவியல் நீதிப் படிப்பை நடத்தும்போது, எதிரே அமர்பவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள். ஒருவர் காவல் நிலையத்தில் சார்ஜன்ட். இன்னொருவர் தைப்பிங் சிறையில் பணிபுரிபவர். வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவும், சமூகநல இலாகா ஊழியரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் அதே வரிசையில் இருப்பார்கள். இவர்கள் நல்ல புள்ளிகள் வாங்குவதில் வியப்பில்லை. ஆனால், அந்தப் புள்ளிகளில் எவ்வளவு நம் படிப்பால் வந்தது, எவ்வளவு அவர்கள் வேலையிலிருந்து கொண்டுவந்தது என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது. தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுக்கும் பால் ஸ்டோரில் எடையை மட்டும் பார்த்துக் கணக்கெழுதாமல், அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பதைப் போல, மதிப்பெண்ணுக்குள் இருக்கும் கற்றலைத் தனியே அளக்க வேண்டும்.

முதல் வேலை, கற்றல் அடைவுகளை அளக்கக்கூடிய சொற்களில் எழுதுவது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின் எட்டு நிலைகளில் முதுகலை ஏழாம் நிலையில் இருக்கிறது. அறிவு, சிந்தனைத் திறன், செயல்திறன், தனிமனிதத் திறன், நெறிமுறை என ஐந்து தொகுதிகளில் அடைவுகளை அது எதிர்பார்க்கிறது. “குற்றவியல் கோட்பாடுகளைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினால் அதை எவராலும் சோதிக்க முடியாது. அதற்குப் பதிலாக, “1979இல் கோஹனும் ஃபெல்சனும் முன்வைத்த அன்றாடச் செயற்பாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு (குற்றம் செய்ய முனைபவர், ஏற்ற இலக்கு, காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேரும்போது குற்றம் நிகழ்கிறது என்பது அது), ஒரு தோட்டத்தில் நடக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலைத் திருட்டை விளக்கி, அந்த விளக்கம் எங்கே போதாமல் போகிறது என்றும் காட்டுவார்” என்று எழுதினால், பார்க்க வேண்டியது என்ன என்பது மாணவருக்கும் நமக்கும் தெளிவாகிவிடும். ஐந்தாறு அடைவுகள் போதும். இருபது அடைவுகளை எழுதிவைக்கும் துறைகள் கடைசியில் ஒன்றையும் ஒழுங்காக அளப்பதில்லை என்பது என் கருத்து.

இரண்டாவதாக, முதல் பருவத்தின் தொடக்கத்திலும் படிப்பின் முடிவிலும் ஒரே வகையான பணியைக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் எழுதியதற்கு மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் எழுதுவார்கள்.

அந்தப் பணி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். நான் பரிந்துரைப்பது மூன்று பக்கக் கற்பனைக் கோப்பு: கைது அறிக்கை, விசாரணை நாட்குறிப்பின் நகல், ரிமாண்ட் மனு (விசாரணைக்காகக் காவலை நீட்டிக்கக் கோரும் மனு). மூன்று செம்பனைக் குலைகளுடன் பத்தொன்பது வயது இளைஞர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தோட்ட எல்லையிலேயே பிடிபடுகிறார்; ஞாயிறு காலை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுகிறார்; மனு ஏழு நாள் கேட்கிறது; நாட்குறிப்பில் காரணமாக “மேலும் விசாரிக்க வேண்டியுள்ளது” என்ற ஒரே வரி; வழக்கறிஞரையோ குடும்பத்தாரையோ தொடர்புகொள்ள அனுமதித்ததற்கான பதிவு எங்கும் இல்லை. மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவதே மாணவரின் வேலை.

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான 379ஆவது பிரிவில் அதிகபட்சச் சிறை ஏழு ஆண்டு. ஆகவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி முதல் மனுவில் நான்கு நாளும் இரண்டாவது மனுவில் மூன்று நாளும்தான் அதிகபட்சம். ஏழு நாள் என்பது, 14 ஆண்டோ அதற்கு மேலோ சிறை அல்லது மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு உரியது. கைதானவரின் உரிமைகளை அதே நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது.

இவற்றை எடுத்துக்காட்டுவது சட்ட அறிவு. சார்ஜன்ட் இதை முதல் நாளே எழுதிவிடக்கூடும். குலைகள் கைப்பற்றப்பட்ட பிறகு நான்கு நாள்கூடத் தேவையா என்று கேட்பவர் ஒரு படி மேலே நிற்கிறார். குலைகளை வாங்க வெளியே யாரோ காத்திருக்கலாம், அவரைத் தேடச் சிறிது காலம் வேண்டும் என்ற எதிர்வாதத்தையும் நேர்மையாக எடைபோட்டு, இரண்டு நாள் போதும் என்று காரணத்துடன் முடிவுக்கு வருபவர் முதுகலை நிலைக்கு வந்துவிட்டார். மதிப்பீட்டு அளவுகோலை இந்தப் படிகளைக் கொண்டே எழுதலாம். “சிறப்பு”, “நன்று” என்ற பெயர்கள் எதையும் சொல்லாது. ஒவ்வொரு படியிலும் மாணவர் என்ன செய்திருப்பார் என்பதை முழு வாக்கியத்தில் எழுதுங்கள்.

மொழியைத் தனி வரியில் வையுங்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இப்போது ஆங்கிலத்தில் எழுதும் ஒருவரின் வாக்கியப் பிழையை நீதிச் சிந்தனையின் குறையாகக் கணக்கிடுவது அநியாயம்.

திருத்தும்போது பெயர்களை நீக்கிவிட்டு இருவர் தனித்தனியே படிக்க வேண்டும். அதற்கு முன், இரண்டு மூன்று விடைகளைச் சேர்ந்து படித்து, எதை எந்தப் படியில் வைக்கிறோம் என்று பேசி ஒத்துக்கொள்வது அவசியம். ஒரே விடைக்கு இருவரும் இரண்டு படி தள்ளி மதிப்பிட்டால், மாணவரைக் குறை சொல்வதற்கு முன் அளவுகோலின் வாசகத்தைப் பாருங்கள். குழப்பம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

உயர்நிலைப் பணிக்கு இந்த ஊரின் வரலாறே பொருள் தரும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிரகடனமானது. அவசரகால ஒழுங்குவிதிகளிலிருந்து 1960இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அது நீக்கப்பட்டு 2012இல் வந்த சொஸ்மா (பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம்) வரை, ஒருவரைக் காவலில் வைக்கும் முடிவை யார் எடுக்கிறார், யார் சரிபார்க்கிறார் என்று மாணவர் ஒப்பிட்டு எழுதட்டும். 117ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் முடிவெடுக்கிறார். சொஸ்மாவில் விசாரணைக்காக 28 நாள் வரை காவலை நீட்டிக்கும் அதிகாரம் காவல்துறை உயர் அதிகாரியிடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை வெறுமனே குறிப்பிடுகிறாரா, அதன் விளைவை வாதிடுகிறாரா என்று பாருங்கள்.

புள்ளிவிவரத் திறனுக்குச் சிறு கேள்வியே போதும். வீடு புகுந்து திருடிய சம்பவங்கள் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்ததை “50 விழுக்காடு அதிகரிப்பு” என்று எழுதும் தலைப்பைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால், எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஆய்வறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அதில் மேற்பார்வையாளரின் கையும் கலந்திருக்கும். எழுத்துப் பணி எதுவாயினும் பத்து நிமிட வாய்மொழிக் கேள்வி அதைத் தொடர வேண்டும். “இந்த முடிவை மாற்றிக்கொள்ள எந்தச் சான்று உங்களுக்குத் தேவைப்படும்?” என்று கேளுங்கள். தானே யோசித்து எழுதியவருக்கு அதில் சிரமம் இருக்காது.

சிறிய ஊரில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளையும், மாணவர்கள் பணியில் கையாளும் கோப்புகளையும் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தவே கூடாது. பெயரை அழித்தாலும், எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். கற்பனைக் கோப்பைத் தயாரிக்க உழைப்பு அதிகம் என்றாலும், அந்தக் குடும்பங்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

படிப்பு முடிவில் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவது நல்லதே. ஆனால் அது அவர்கள் எண்ணத்தைச் சொல்லும், கற்றதை நிரூபிக்காது. அந்தப் படிவங்களையும் மதிப்பீட்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பருவ இறுதியில் விரிவுரையாளர்கள் அனைவரும் ஒரு முறை அமர வேண்டும். எதிர்வாதத்தை எடைபோடும் படியில் பெரும்பாலானோர் தேங்கியிருந்தால், அதற்கான பயிற்சி எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில் சேரப்போகிறது, அதை யார் நடத்துவார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தாளுடன் கோப்பு, அளவுகோல், பெயர் நீக்கிய மாதிரி விடைகள் ஆகியவற்றையும் சேர்த்து, அடுத்த மாணவர் குழுவுக்குப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.