மீன் தொட்டிக்கு ஜெனரேட்டர்: கரண்ட் போன நாட்களைச் சமாளிக்கும் முறை

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப 12 நாள் ஆனது. முதல் நாள் சாயங்காலமே கூடத்துத் தொட்டியில் இருந்த நான்கு கோல்டு ஃபிஷ்ஷும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலை மூன்று மிதந்தன. பக்கத்தில் ஜாடியில் கிடந்த ஃபைட்டர் மீன் மட்டும் வாலை விரித்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. ஃபைட்டரும் கௌராமியும் நீருக்கு மேலே இருக்கும் காற்றையே இழுத்துச் சுவாசிக்கும். மற்ற மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி கிடையாது.

அந்த மூன்று மீன்களுக்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கினேன். புதிதாக வாங்குகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

தொட்டிக்கு உயிர் எது, அலங்காரம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏர் பம்ப் 3 முதல் 5 வாட். உள்ளே மூழ்கும் சிறிய ஃபில்டர் 10 முதல் 20 வாட். லைட்டை அணைத்துவிடலாம். ஹீட்டர் நம் ஊருக்குப் பெரும்பாலும் வேண்டியதே இல்லை. நமக்கு வில்லன் சூடுதான். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் ஒரே ஒரு பிளக்தான் மாட்ட முடியும் என்றால், ஏர் பம்பை மாட்டுங்கள்.

ஜெனரேட்டரில் கேவிஏ என்று போட்டிருப்பதை 0.8-ஆல் பெருக்குங்கள். 1 கேவிஏ என்றால் சுமார் 800 வாட். தொட்டிக்கு வேண்டியது 30 வாட் கூட இல்லை. சோளப்பொரி தூக்க யானையா? தொட்டிக்கு மட்டும் என்றால் ஜெனரேட்டர் வாங்காதீர்கள், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போதும். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் சேர்த்து ஓட்ட வேண்டும் என்றால்தான் ஜெனரேட்டர் கட்டுப்படியாகும். போர் மோட்டாரையும் ஓட்ட நினைத்தால் கவனம்: 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் அளவைவிடப் பல மடங்கு இழுக்கும், 1 கேவிஏ தாங்காது.

எங்கே வைப்பது

வீட்டுக்குள் வேண்டாம். திண்ணை, கார் ஷெட், மாடிப்படி அடி எதுவும் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் எங்கள் கொல்லையில் தென்மேற்கு மூலைதான் அதற்கு இடம். மேலே மழை படாமல் தகரம், கீழே தண்ணீர் தேங்காமல் இரண்டு வரிசை செங்கல். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

எப்படி இணைப்பது

ஜெனரேட்டரிலிருந்து தடிமனான வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நேராகத் தொட்டிக்கு வரட்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் கரண்டை ஏற்றும் வேலை மட்டும் கூடவே கூடாது. அது தெருக் கம்பிக்கு எதிர்த்திசையில் பாயும். கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் உயிர் போகும். வீடு முழுக்க வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்; தெருக் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டுமே அது வீட்டுக்குள் விடும்.

தொட்டிப் பக்கம் இரண்டு சின்ன விஷயம். வயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலேறட்டும். அப்போது வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஏர் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள். அது இல்லாவிட்டால், கரண்ட் நின்றதும் தண்ணீர் டியூப் வழியே திரும்பி இறங்கிப் பம்பைக் கெடுக்கும். எனக்கு ஒரு பம்ப் அப்படிப் போனது, தரை துடைத்தது தனிக் கதை.

ஓட்டும்போது

ஆயில் அளவைப் பாருங்கள். புது மெஷின் பல நேரம் ஆயில் ஊற்றாமலே வரும். சோக் இழுத்து, கயிறு இழுத்து, ஓடத் தொடங்கியதும் சோக்கைத் திருப்பிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அப்புறம் பிளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நிறுத்தும்போது முதலில் பிளக், பிறகு இன்ஜின். பெட்ரோல் தீர்ந்தால், இன்ஜின் ஆறின பிறகே ஊற்றுங்கள்.

நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. ஒரு மணி நேரம் ஓட்டி, இரண்டு மணி நேரம் நிறுத்தி, மீன் மேலே வருகிறதா என்று பாருங்கள். நடுவில் தொட்டி மூடியைத் திறந்து வைத்து, சொம்பால் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். இரை போடாதீர்கள், ஆரோக்கியமான பெரிய மீன்கள் சில நாள் பட்டினி தாங்கும், அழுகும் இரைதான் அம்மோனியாவைக் கூட்டும்.

வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே போடாதீர்கள். உள்ளே பாக்டீரியா செத்து நாற்றமெடுத்த தண்ணீர் தொட்டியில் பாயும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள்.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள்தான் ஒத்திகைக்கு நல்ல நாள். அன்று நாலு இழுப்பில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஐப்பசி பிறக்கும் முன்பே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடுங்கள். புயல் கூண்டு ஏற்றிய பிறகு அவர் போனை எடுக்க மாட்டார்.