பிரான்ஸ் நீச்சல் குளத்தில் ஷார்ட்ஸ் செல்லாது: நான் செய்வது

பிரான்ஸில் நகராட்சிக் குளங்களிலும் பெரும்பாலான கேம்பிங் குளங்களிலும் ஆண்கள் தொளதொள ஷார்ட்ஸோடு இறங்க முடியாது. ஜட்டி போன்றதோ, தொடையை ஒட்டிய பாக்ஸரோதான் செல்லும். ஷார்ட்ஸைத் தெருவிலும் போட்டுக்கொண்டு சுற்றலாம் என்பதால் மணலும் வியர்வையும் நீரில் கலக்கும் என்பது குளத்தை நடத்துபவர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. வியர்வை, சிறுநீர் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகும். கண்ணெரிச்சலும் 'குளோரின் வாடை'யும் அதனால்தான். இறங்கும் முன் சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்வதும் இதற்காகவே.

வாங்கும்போது பாக்கெட் இல்லாததாகப் பாருங்கள். துணி நனைந்தால் தளரும், அதனால் உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். அடிக்கடி நீந்துபவருக்கு எலாஸ்டேன் (ரப்பர் போல இழுபடும் நூல்) கலந்ததைவிட பாலியெஸ்டர், பிபிடி (இழுபடும் ஒருவகை பாலியெஸ்டர்) கலவைதான் குளோரினைத் தாங்கும். உள்ளே சாதா ஜட்டி போடக் கூடாது.

பல குளங்களில் தொப்பி கட்டாயம், மொட்டைத் தலைக்கும்கூட! குழந்தைகளுக்குத் துணித் தொப்பி போதும், முடியை இழுக்காது. நீளமுடிக்கு சிலிகான். மறந்துவிட்டால் நுழைவாயிலில் நாணயம் போட்டு வாங்கும் இயந்திரம் இருக்கிறதா பாருங்கள்.

உடலை மூடும் நீச்சலுடை வேண்டுமென்றால் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கிரெனோபிள் நகரம் 2022இல் அனுமதித்தது. அதே ஆண்டு ஜூனில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த அனுமதிக்கு விதிக்கப்பட்ட தடையை உறுதிசெய்தது. தனியார் ஹோட்டல் குளத்தில் விதி வேறாக இருக்கலாம்.