ஆடிப்பட்டம் இங்கே எடுபடாது: ஹாலிஹாக் வளர்ப்பிலும் பகிர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் தைப்பூசக் காவடி முடிந்து வீடு திரும்பும் நாட்களில் என் வேலியோரத்து ஹாலிஹாக் தண்டுகள் காய்ந்து நிற்கும். ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை அடியிலிருந்து நுனி நோக்கிப் பூத்துக்கொண்டே போன, ஆள் உயரத்தைத் தாண்டிய தண்டுகள். இப்போது பூ இருந்த இடமெல்லாம் பழுப்பு நிற வட்டுக் காய்கள். “வெட்டிப் போடக்கூடாதா, பார்க்க நல்லாவா இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பதே அந்தக் காய்களுக்குத்தான்.

பூவை ஒருமுறை பார்த்தாலே இது நம் செம்பருத்தி, வெண்டை, துத்தி வகையறா என்று தெரிந்துவிடும். குடும்பம் ஒன்றுதான். ஒருமுறை ஊன்றிவிட்டால் விதை தானே விழுந்து, தானே முளைத்து, வருஷா வருஷம் வரும். விதைக் கடைப் பக்கமே போக வேண்டாம். ஆனாலும் நம்மவர்களில் பலர் “எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குது” என்று வருத்தப்படுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் மண்ணில் குறை இருக்காது. மாதம் தவறியிருக்கும், பொறுமை தவறியிருக்கும், அல்லது கை மாறும்போது ஏதாவது தவறியிருக்கும்.

முதல் தவறு மாதம்

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதை என் ஆயா அடிக்கடி சொல்வார். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததே, அன்றைக்குத் தொடங்கி இங்கே வந்த நம் முன்னோர்கள் துணிமூட்டையோடு இந்தப் பழமொழியையும் சுமந்து வந்தார்கள். ஆனால் இங்கே ஆடி என்பது நடுக்குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அந்த வாரங்களில் எங்கள் பக்கத்துப் பள்ளமான தோட்டங்களில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். மழையும் இருக்காது. அந்த மண்ணில் ஹாலிஹாக் விதையைப் போட்டால் அது அப்படியே கிடக்கும், அல்லது அழுகும். அந்தப் பழமொழி அது பிறந்த ஊரின் மழைக்குச் சரி.

இன்னொரு தப்பான நாட்காட்டி விதைப் பொட்டலத்தின் முதுகில் இருக்கிறது. இங்கிலாந்தில் அச்சான பொட்டலம் ஜூன், ஜூலையில் விதைக்கச் சொன்னால் நாம் ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே எனக்குப் பொருந்தி வந்தது மாசியும் பங்குனியும். செடி தன் விதையைத் தானே உதிர்ப்பதும் அந்த நேரத்தில்தான். கடைசிக் கோடை மழையில் ஈரம் இருக்கும், வெயிலும் தணிய ஆரம்பித்திருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். பத்துப் பதினான்கு நாளில் முளைத்துவிடும். குளிர் இறுகுவதற்குள் வேர் பிடித்த நாற்றுதான் அடுத்த தீபாவளிக்குப் பிறகு தண்டு நீட்டிப் பூக்கும். செப்டம்பரில் விதைத்தால் பெரும்பாலும் அந்தக் கோடை முழுக்க இலைதான். பூ பார்க்க இன்னொரு குளிர்காலம் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறையாவது தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். வெளியே இலை அசையாமல் இருந்தாலும் உள்ளே வேர் வேலை செய்துகொண்டிருக்கும்.

பூக்காத செடியைப் பிடுங்கிவிடுவது

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருஷம் சித்திரைப் பிறப்புக்காக முற்றத்தைச் சுத்தம் செய்தார் சின்ன மாமா. நல்ல மனசோடுதான் செய்தார். மாலையில் நான் போய்ப் பார்த்தபோது வேலியோரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நாற்பது நாற்றுகளும் குப்பை மேட்டில் வாடிக் கிடந்தன. களை என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் வருஷம் ஹாலிஹாக் வெறும் இலைக்கொத்துதான். தண்டு கிடையாது, மொட்டு கிடையாது. இது இரண்டு வருஷக் கணக்கில் வாழும் செடி என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவைக்காதது என் தவறு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கீசிப்ளார் என்று சொல்லும் களை, ஹாலிஹாக்கின் சொந்தக்காரச் செடி. சின்ன வயதில் இரண்டின் இலையும் வட்டமாக, விளிம்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். நான் விரலால் தடவிப் பார்ப்பேன். ஹாலிஹாக் இலை தடிப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். கீசிப்ளார் இலை மெல்லிசு. அது தரையோடு படர்ந்து, சில மாதங்களிலேயே இலைக்காம்பின் கக்கத்தில் வெளிறிய குட்டிப் பூக்களை வைத்துவிடும். சந்தேகமாக இருந்தால் பிடுங்காமல் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு மாதத்தில் அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தானே முளைக்க இடம் வேண்டும்

தண்ணீரை மிச்சம் பிடிக்க வைக்கோலும் மரச்சிதறலும் கனமாகப் பரப்புகிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் ஹாலிஹாக் நிற்கும் இடத்தில் நான்கு விரற்கடை மூடாக்கு போட்டால் உதிரும் விதை மண்ணைத் தொடாது. தையில் அந்த இடத்தை மட்டும் விலக்கிவிடுங்கள். எல்லாத் தண்டையும் பூ முடிந்ததும் வெட்டிவிட்டால் விதையே விழாது; எல்லாவற்றையும் விட்டுவைத்தாலும் சிரமம்தான். ஒரு காயில் இருபதுக்கு மேல் விதை இருக்கும். ஒரு தண்டில் நாற்பது காய் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் வீட்டுக்கு இரண்டு தண்டு விட்டு மற்றதை வெட்டுகிறேன். முளைத்ததிலும் செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டு அடி இடைவெளி விட்டுக் கலைத்துவிட வேண்டும். நெருக்கமாக விட்டால் காற்றோட்டம் போய்விடும். அப்புறம் துரு என்ற இலை நோய் வரும்.

தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதும் வேண்டாத வேலை. இலை கொழுத்து, தண்டு பலமில்லாமல் போய், முதல் இடிமழையில் சாய்ந்துவிடும். காற்று வீசும் இடமானால் ஒரு கழி ஊன்றிக் கட்டினால் போதும்.

துரு நோயைத் தானம் செய்யாதீர்கள்

எனக்கு மிகவும் மனசு கஷ்டமாக இருக்கும் விஷயம் இது. ஹாலிஹாக் இலையின் மேல்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளி தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் புடைத்திருக்கும். பக்சினியா மால்வேசியாரம் என்ற பூஞ்சை. முதலில் சிலி நாட்டில் அறியப்பட்டது. 1873-இல் இங்கிலாந்தை எட்டி, அங்கே பேர்பெற்ற அடுக்குப்பூ ஹாலிஹாக் நாற்றங்கால்களையே அழித்துப்போட்டது. சில துரு நோய்கள் தங்கள் வாழ்க்கைச் சுற்றை முடிக்க இரண்டு வகைச் செடிகளைத் தேடும். இதற்கு அது தேவையில்லை. ஹாலிஹாக் ஒன்றே போதும், பழைய இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். கீசிப்ளாரிலும் இதே துரு குடியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கீசிப்ளாரை விட்டுவைத்து, இந்தப் பக்கம் மருந்தடிப்பதில் பயனில்லை.

அடியிலையில் முதல் கொப்புளம் தெரிந்த அன்றே கிள்ளி எடுங்கள். அதை எருக்குழியில் போடக்கூடாது; பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். மாலையில் குழாயைத் தலைக்கு மேல் பிடித்து நனைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காலையில், வேரடியில் ஊற்றுங்கள்.

இப்போது பகிர்வுக்கு வருவோம். அன்பாக ஒரு செடியைத் தோண்டித் தொட்டியில் வைத்துக் கொடுப்போம். துருப்பிடித்த தோட்டத்திலிருந்து செடி கொடுத்தால் நோயையும் சேர்த்தே கொடுக்கிறோம். தவிர, ஹாலிஹாக்கின் ஆணிவேர் முள்ளங்கி மாதிரி நேராக ஆழம் போகும். வளர்ந்த செடியைத் தோண்டினால் அது அறுந்துவிடும். வாங்கிப் போனவர் வீட்டில் நாலு நாளில் தொங்கிப்போய், “நம்ம கை ராசியில்லை” என்று அவர் நினைப்பார். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று நான்கு இலை விட்ட சுத்தமான நாற்றை, மண்கட்டி உடையாமல், பங்குனியில் கொடுங்கள். மற்றபடி விதையே மேல்.

விதை எடுக்கும் விதம்

பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்தால் பாதி விதை சூம்பிவிடும். வட்டு பழுப்பாகி, மேல் உறை விரிந்து, விரலால் தட்டினால் தட்டுத் தட்டாக உதிரும் பக்குவத்தில், மழையில்லாத நாளில், பனி உலர்ந்தபின் எடுங்கள். உதிர்த்த பிறகு சருகு, உறை, தூசு எல்லாவற்றையும் முறத்தில் புடைத்து நீக்கிவிடுங்கள். துருவின் வித்து ஒட்டியிருப்பது பெரும்பாலும் அந்தச் சருகில்தான். ஒரு வாரம் நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். நான் ஒரு வருஷம் அவசரப்பட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் மூடி வைத்தேன். பத்து நாளில் பூசணம் பிடித்து, ஐந்து வீட்டுக்கென்று வைத்திருந்தது வீணாகிவிட்டது.

நிறத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். ஒரே பூவில் மகரந்தம் முந்தி உதிர்ந்து, சூல்முடி பிந்தித்தான் விரியும். அதற்குள் தேனீ அடுத்த செடியின் தூளைக் கொண்டுவந்துவிடும். கறுஞ்சிவப்புத் தாய்ச்செடியின் பிள்ளைகள் ரோஜா நிறத்தில் பூத்தால் யாரும் ஏமாற்றவில்லை. ஒரே நிறம் வேண்டுமென்றால் மற்ற நிறச் செடிகளை ஆண்டுக்காண்டு விலக்கிக்கொண்டே வர வேண்டும். வெண்டைக்காயோடு கலந்துவிடுமோ என்று ஒரு பெரியம்மா பயந்து கேட்டார். கலக்காது.

டர்பன் கரையோரத்துச் சொந்தக்காரர்களுக்கு விதை கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அங்கே காற்றில் ஈரம் அதிகம், துரு சீக்கிரம் வரும், குளிரும் குறைவு. அத்தி இலை வடிவ இலையுள்ள ஹாலிஹாக் வகை துருவைக் கொஞ்சம் தாங்கும். அவர்களுக்கு அதுதான் நல்லது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அண்ணன் வீட்டில் உலர்ந்த குளிரில் இதே விதை என்னுடையதைவிட உயரமாக நிற்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சொந்தங்களிடம் “ரெண்டு விதை கொண்டு வா” என்று சொல்லாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் விதையைத் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். இந்த நாட்டுப் பயிர்களுக்குப் புது நோய் வந்துவிடக் கூடாது என்பதற்கான சட்டம் அது. நமக்குள்ளேயே வேண்டிய விதை இருக்கிறது.

என் உறை ஒவ்வொன்றின் மேலும் மூன்று விஷயம் எழுதுகிறேன்: எடுத்த மாதம், தாய்ச்செடியின் நிறம், அந்தச் செடிக்குத் துரு வந்ததா இல்லையா. பெரிய வெள்ளியன்று சிவசுப்ரமணியர் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போகும்போது பதினைந்து உறைகள் என் பையில் இருக்கும். பங்குனி ஈரம் அப்போதும் மண்ணில் மிச்சம் இருக்கும்; வாங்கிப் போகிறவர்கள் மறுநாளே ஊன்றலாம்.