இன்வர்னஸில் இறங்கி வாடகைக் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்து வேலை, வீடு எல்லாம் ஓரளவு நிலைப்பட்டதும் ஸ்காட்லாந்து மலைப்பக்கம் ஒரு தடவை போய்வர வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். லண்டனிலிருந்து காரிலேயே போய்விடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். 550 மைலுக்கு மேல், போகும்போதே ஒரு நாள் முழுக்கக் கரைந்துவிடும். விமானத்தில் அந்த மலைப்பக்கத்தின் முக்கிய ஊரான இன்வர்னஸ் போய் அங்கே கார் எடுப்பதுதான் சரி. சின்ன விமான நிலையம், ஊருக்குக் கிழக்கே டால்கிராஸ் என்ற இடத்தில் இருக்கிறது, வெளியே வந்தால் பெரிய நகர நெரிசல் எதுவும் கிடையாது. நம் ஊரைப் போலவே இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

முதலில் லைசென்ஸ். இந்திய, இலங்கை லைசென்ஸை வைத்து இங்கே ஓட்டலாம், ஆனால் நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரைதான். அதன்பிறகு இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, இந்நாட்டு லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். 12 மாதம் தாண்டிய பிறகு ஊர் லைசென்ஸைக் காட்டி யாராவது கார் கொடுத்துவிட்டாலும் எடுக்காதீர்கள். லைசென்ஸ் செல்லாது என்றால் இன்சூரன்ஸும் செல்லாது, விபத்து நடந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழும், போலீஸ் வழக்கும் சேர்ந்து வரும். இந்நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் சில நிறுவனங்கள் டிவிஎல்ஏ (இங்கே லைசென்ஸ் தரும் அரசு அமைப்பு) இணையதளத்தில் எடுக்கும் ஒரு குறியீட்டு எண்ணைக் கேட்கும். அது 21 நாள்தான் செல்லும், கிளம்புவதற்கு முந்தின வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது 25-க்குள் இருந்தால் பெரும்பாலும் தினசரி கூடுதல் கட்டணம் உண்டு, சில இடங்களில் 23 ஆகாதவர்களுக்குக் காரே தரமாட்டார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிதான் வேண்டும் என்றால் கோடைக்கு வெகு முன்பாகவே புக் செய்யுங்கள், சின்ன விமான நிலையங்களில் அவை கொஞ்சம்தான் இருக்கும். புக் செய்யும்போது உங்கள் விமான எண்ணைக் கொடுத்துவிடுங்கள், விமானம் தாமதமானால் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கவுண்டர். புதிதாக வந்தவர்கள் பணத்தை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டு கேட்பார்கள், அதுவும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் பெயரில் புக்கிங், மனைவி பெயரில் கார்டு என்று போனால் சாவி கிடைக்காமல் நிற்க வேண்டியதுதான். வந்த புதிதில் பலரிடம் இங்கத்திய கிரெடிட் கார்டு இருக்காது, ஆகவே டெபிட் கார்டு ஏற்பார்களா என்று புக் செய்வதற்கு முன்பே விதிமுறையில் படித்துப் பாருங்கள். பிடித்து வைக்கும் தொகை திரும்பி வரச் சில நாள் ஆகும், அந்த வாரம் வீட்டு வாடகைக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் முடக்கிவிடாதீர்கள்.

வாடகையோடு வரும் இன்சூரன்ஸில் எக்ஸஸ் என்று ஒரு தொகை இருக்கும். சேதம் ஆனால் அந்த அளவு வரை நீங்கள்தான் கட்ட வேண்டும், பெரும்பாலும் ஆயிரம் பவுண்டோ அதற்கு மேலோ இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவை பல பாலிசிகளில் சேராது, மலைச் சாலையில் அடிபடுவதோ அவைதான். கவுண்டரில் இருப்பவர் இந்தத் தொகையைப் பூஜ்யமாக்கும் திட்டம் ஒன்றைத் தினசரிக் கட்டணத்துக்கு விற்கப் பார்ப்பார். அதையே வெளியே தனி இன்சூரன்ஸாக முன்கூட்டி எடுத்தால் செலவு பலமடங்கு குறையும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், வெளியே எடுத்தால் சேதத்துக்கான பணத்தை முதலில் வாடகை நிறுவனத்துக்கு நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பக் கேட்க முடியும். கையில் அந்த அளவு பணம் புரளாதவர்கள் கவுண்டர் திட்டத்தையே எடுப்பதில் தப்பில்லை.

சாவி வாங்கியதும் உடனே கிளம்பாதீர்கள். வண்டியைச் சுற்றி வந்து நாலு சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, பம்பரின் கீழ்ப்பக்கம், உள்ளே பெட்ரோல் முள், ஓடிய மைல் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். அவர்கள் தரும் தாளில் குறிக்காத கீறல் ஒன்று இருந்தால் உள்ளே திரும்பிப் போய்க் குறிக்கச் சொல்லுங்கள், மழையாக இருந்தாலும் சரி. பெட்ரோலா டீசலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பங்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். குழந்தைக்கு 12 வயதோ 135 செ.மீ. உயரமோ ஆகும் வரை அதற்கேற்ற சீட் கட்டாயம்.

சரி, எங்கே போவது? முதல் நாளே ஸ்கை தீவுக்கு ஓடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இன்வர்னஸிலிருந்து அந்தத் தீவின் பெரிய ஊரான போர்ட்ரீ 110 மைலுக்கு மேல், நிற்காமல் ஓட்டினாலே இரண்டரை மணி நேரம் ஆகும். விமான நிலையத்தைச் சுற்றியே முக்கால் மணி நேரத் தொலைவுக்குள் பார்க்க அவ்வளவு இருக்கிறது. கல்லோடன் போர்க்களத்துக்குப் போங்கள். 1746 ஏப்ரல் 16 அன்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த போர், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போரிட்ட ஜேகபைட் தரப்பில் ஏறக்குறைய 1,500 பேர் மாண்டார்கள். புல்வெளியில் குலம் குலமாகப் புதைத்த இடங்களில் பெயர் வெட்டிய கற்கள் நிற்கின்றன, ஒரு கல்லில் குலப்பெயரே இல்லாமல் 'கலந்த குலங்கள்' என்று மட்டும் இருக்கும். அந்தக் கல் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். பக்கத்திலேயே கிளாவா கல்லறைகள், ஏறக்குறைய 4,000 ஆண்டு பழையவை, கட்டணம் கிடையாது. கடலோரத்தில் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டை. கெஸாக் பாலம் தாண்டிப் போனால் சானன்ரி முனையில் கரையிலிருந்தே டால்பின் பார்க்கலாம், கடல் வற்றி மறுபடி ஏறத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

மறுநாள் லாக் நெஸ் ஏரி. எல்லாரும் ஏ82 சாலை வழியாக அர்க்கட் கோட்டைக்குப் போவார்கள், அதுவும் அழகுதான், ஆனால் வேகமாக வரும் லாரிகளும் வளைவுகளும் புதியவர்களைத் திணறடிக்கும். எதிர்க்கரையில் டோர்ஸ் கிராமத்திலிருந்து ஃபாயர்ஸ் அருவி வரை போகும் பி852 சாலையை எடுத்துப் பாருங்கள். கூட்டம் குறைவு, ஒரே வண்டி அகலச் சாலையில் ஓட்டிப் பழகவும் நல்ல இடம்.

அந்தச் சாலையின் முறை இது. ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், இடையிடையே ஒதுங்குமிடம், வெள்ளைப் பலகை வைத்திருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையாமல் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிர் வண்டி அதற்குள் புகுந்து உங்களைத் தாண்டிப் போகும். பின்னால் யாராவது நெருங்கி வந்தாலும் ஒதுங்கி விட்டுவிடுங்கள், அவர் அந்த ஊர்க்காரர், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். போட்டோ எடுக்க அங்கே நிறுத்தக் கூடாது. வழிவிட்டவருக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டுவது அங்கே வழக்கம். ஸ்கையில் நீஸ்ட் முனைக்கும் குயிராங்கிற்கும் போகும் வழி இப்படித்தான் இருக்கும்.

டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், பனியும் உறையும், அந்த மாதத்தில் முதல் பயணம் வைக்காதீர்கள். அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும், ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். மது அளவு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் கடுமை, ஓட்டுபவர் அன்று தொடாமலிருப்பதே நல்லது. சைவம் சாப்பிடுபவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், சின்ன கிராமங்களில் கடை சீக்கிரம் மூடிவிடும்.

திரும்பும் நாளில் இன்வர்னஸ் ஊருக்குள்ளேயே டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போதும் அதே போல ஒரு வீடியோ எடுத்து, டெபாசிட் திரும்பி வரும் வரை போனில் அழிக்காமல் வைத்திருங்கள்.