பழைய கதவு, நிலை இழைக்கிற பட்டறைக்கு ஏர் ஃபில்டர்: எதை வாங்குறது, பெட்டிய எப்படி கட்டுறது

காரைக்குடி சுத்துவட்டாரத்துல பழைய மரச்சாமான் பட்டறை எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இடிக்கிற வீடுகள்லேருந்து வர்ற பர்மா தேக்கு கதவு, நிலை, தூண், உத்தரம் எல்லாத்தையும் சுரண்டி உப்புத்தாள் போட்டு பாலீஷ் ஏத்துறதுதான் எங்க வேலையும். முன்னாடி கையால தேய்ச்சோம், இப்ப எல்லார் கையிலயும் ஆர்பிட்டல் சாண்டர், போதாததுக்கு சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் ஓட்டுற செதுக்கு மெஷின்) வேற, அதனால தூசி முன்ன மாதிரி கனமா கீழ விழறதில்ல, மாவு மாதிரி மிதக்குது. இதுக்கு ஃபில்டர் தேடி நான் கத்துக்கிட்டத மொத்தமா எழுதிடுறேன். ரம்பம், சாண்டர் ஓட்டத் தெரிஞ்சவங்கன்னு வச்சுக்கிட்டுதான் சொல்றேன், அதெல்லாம் விளக்கல.

முதல்ல ஏன்னு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசிய 1995லயே முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல சேர்த்திருச்சு. தேக்கும் ஈட்டியும் சிலருக்கு தோல் அரிப்பு, மூச்சிரைப்பும் கொடுக்கும். கண்ணுக்கு தெரியற தூசிய மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடிச்சிடும், 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ உள்ளதுதான் நுரையீரல் வரைக்கும் போகும். காத்து அசையாத அறையில 10 அடி உயரத்துலேருந்து 10 மைக்ரான் துகள் தரைக்கு வர கால் மணி நேரம் ஆகும், 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதாவது நேத்து தேய்ச்ச தூசிய இன்னைக்கு காலையில கதவ திறந்ததும் சுவாசிக்கிறோம்.

ஃபில்டருக்கு முன்னாடி

சாண்டர்ல இருக்க ஓட்டைக்கு வேக்குவம் ஹோஸ் மாட்டுங்க, மூஞ்சிக்கு என்95 போடுங்க. அறைக்கு வைக்கிற ஃபில்டர் மிச்சம் மிதக்குறத பிடிக்கத்தான், இந்த ரெண்டுக்கும் பதில் இல்ல. டஸ்ட் கலெக்டர் வச்சிருக்கவங்க அதோட துணிப்பைய பாருங்க, 30 மைக்ரான் பைன்னா பெரிய தூள அது பிடிச்சுக்கிட்டு நுண்தூசிய அறைக்குள்ளயே திருப்பி ஊதிக்கிட்டிருக்கும், 1 மைக்ரான் ஃபெல்ட் பைக்கு மாறுங்க. சைக்ளோன் (காத்த சுழல விட்டு தூள பிரிக்கிற டப்பா) நல்லது, ஆனா அது சீவல பிரிக்கும், நுண்தூசிய நிறுத்தாது.

ஸ்டெப் 1: அறைய அளக்குறது

நீளம், அகலம், உயரம் அடியில பெருக்குங்க. 24க்கு 15, உயரம் 10ன்னா 3600 கன அடி. மணிக்கு 8 தடவை மொத்தக் காத்தும் ஃபில்டர் வழியா போகணும்னு வைங்க, 3600ஐ 8ஆல பெருக்கி 60ஆல வகுத்தா 480 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 480 கன அடி காத்து. ஃபேன் பெட்டியில கன மீட்டர் கணக்குல போட்டிருப்பான், 1.7ஆல பெருக்கிக்குங்க, 816 கன மீட்டர் மணிக்கு.

நம்ம ஊர்ல ஒரு சிக்கல் உண்டு. பழைய வீட்டு பின்கட்டுல பட்டறை போட்டவங்களுக்கு கூரை 20 அடி இருக்கும், கணக்கு அப்படியே ரெண்டு மடங்காயிடும். வேலை செய்ற பகுதிக்கு மட்டும் 10 அடியில தார்பாய் இழுத்து கட்டி, சுத்தியும் தொங்கவிட்டு அறை மாதிரி ஆக்கிக்கிட்டா செலவு பாதியாகும். வளவுல, வானம் பாத்த முற்றத்துல உக்காந்து தேய்க்கிறவங்க ஃபில்டர் வாங்கவே வேணாம், ஒரு பெடஸ்டல் ஃபேன முதுகுப் பக்கம் வச்சு தூசிய எதிர்ப்பக்கம் தள்ளுங்க.

ஸ்டெப் 2: ஃபேனும் ஃபில்டர் பரப்பும் (இத ரெண்டு தடவை படிங்க)

எனக்கு ரொம்ப நேரம் பிடிச்ச இடம் இதுதான். கடைக்கு போனா எல்லாரும் மைக்ரான் நம்பரத்தான் முதல்ல கேக்குறோம், 0.3 மைக்ரான் ஹெப்பா, அதாவது ரொம்ப நுண்ணிய துகளையும் பிடிக்கிற ஃபில்டர், இருக்கான்னு. ஆனா ஹெப்பா எச்13 பேனல் புதுசா இருக்கும்போதே அதோட முழு வேகத்துல ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தண்ணி உயரத்துக்கு சமமான அழுத்தம் கேக்கும். சுவத்துல மாட்டுற சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனால சில மில்லிமீட்டர்தான் தர முடியும். மூஞ்சியில கம்பளிய கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி அது திணறும், சத்தம் மட்டும் வரும், காத்து வராது. பெட்டியில போட்டிருக்க சிஎஃப்எம் எல்லாம் முன்னாடி எதுவும் இல்லாதப்ப வர்ற கணக்கு.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. ஹெப்பா போட்டு ஃபேன் 200 சிஎஃப்எம்க்கு விழுந்துட்டா சுத்தமான காத்து 200தான். மெர்வ் 13 (ஹெப்பாவ விட கம்மி கிரேட், ஸ்டெப் 3ல சொல்றேன்) போட்டு 480 வந்தா, அது 85 சதவீதம்தான் பிடிக்குதுன்னாலும் 408 வருது. காத்து ஒரு தடவை மட்டும் போறதில்லையே, திரும்பத் திரும்ப அதே பெட்டிக்குத்தான் வருது, அதனால ஒரே சுத்துல எல்லாத்தையும் பிடிக்கணும்னு அவசியமில்ல. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு வேற கணக்கு, நமக்கு இதுதான் கணக்கு.

இன்னொரு தந்திரம் பரப்பு. ஒரு ஃபில்டருக்கு பதிலா நாலு போட்டா ஒவ்வொண்ணுலயும் கால் பங்கு காத்துதான் போகும், தடையும் ஏறக்குறைய கால் பங்காயிடும். 2 அடிக்கு 2 அடி ஃபில்டர் நாலுன்னா 16 சதுர அடி, 480 சிஎஃப்எம் அதுல நிமிஷத்துக்கு 30 அடி வேகத்துலதான் போகுது. பெரிய ஏசி ப்ளான்ட்ல இதே ஃபில்டர்ல 500 அடி வேகத்துல விடுவாங்க. மெதுவா போனா தூசியும் நல்லா பிடிபடும், ஃபில்டரும் நாள்பட வரும். 2020ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால்னு ரெண்டு பேர் கொரோனா சமயத்துல இப்படித்தான் நாலஞ்சு ஃபில்டர பெட்டியா ஒட்டி மேல ஃபேன் வச்ச டிசைன பரப்புனாங்க. அத நம்ம பட்டறைக்கு பிளைவுட்டுல செய்றோம், அவ்வளவுதான். ஃபேன் மட்டும் கணக்குல வந்ததுக்கு ரெண்டு மடங்கு எழுதியிருக்கறத வாங்குங்க, மெட்டல் பாடி ஹெவி ட்யூட்டி, பிளாஸ்டிக் வேணாம்.

ஸ்டெப் 3: கிரேட்

கடைக்காரர்கிட்ட மெர்வ் 13 இல்லன்னா எஃப்7 கேளுங்க, புது ஐஎஸ்ஓ கணக்குல இபிஎம்1 50 சதவீதம்னு போட்டிருக்கும், மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மெர்வ் 13ன்னா 0.3லேருந்து 1 மைக்ரான் துகள்ல குறைஞ்சது 50 சதவீதம், 1லேருந்து 3 வரைக்கும் 85, 3லேருந்து 10 வரைக்கும் 90 பிடிக்கணும். "5 மைக்ரான் ஃபில்டர் சார்" னு மட்டும் சொல்லி எத்தனை சதவீதம்னு சொல்லாதத வாங்கவே வாங்காதீங்க. அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது. ஏசி டக்ட் வேலை எடுக்குறவங்ககிட்ட சொன்னா வரவழைச்சு கொடுப்பாங்க, 610க்கு 610 மில்லிமீட்டர், 2 அங்குல கனம்னு கேளுங்க, அது ஓடுற சைஸ்.

பெரிய தூள முதல்லயே தடுக்க வெளிப்பக்கம் முன்னாடி ஒரு துவைக்கிற ப்ரீ ஃபில்டர் கட்டாயம். பழைய வேட்டிய நாலா மடிச்சு கட்டலாமான்னு கேப்பாங்க, தடை ஏறிடும், மெல்லிசா ஒரு மடிப்பு போதும். வீட்டுக்கு வாங்குற ஏர் ப்யூரிஃபையர் பட்டறைக்கு சிறுசு, காசு கொடுத்து அடைக்க வேணாம். அயனைசர், ஓசோன்னு சொல்ற மெஷின் பக்கமே போகாதீங்க, ஓசோனே நுரையீரல அரிக்கும்.

ஸ்டெப் 4: பெட்டி

நாலு ஃபில்டர் நாலு பக்கச் சுவரு, அடியில பிளைவுட், மேல பிளைவுட்டுல வட்டமா வெட்டி ஃபேன் காத்த மேல்நோக்கி தள்ற மாதிரி. ஃபில்டர் ஃப்ரேம்ல அம்புக்குறி இருக்கும், அது பெட்டிக்கு உள்பக்கம் பாக்கணும். ஃபேன் வளையத்த சுத்தி சந்தே இருக்கக் கூடாது, சந்துல காத்து திரும்ப உள்ள போயிடும்.

சீல்தான் உயிர். ஃப்ரேம் உக்கார்ற இடம் பூரா ஃபோம் டேப், மூலையில அலுமினியம் டேப். கொஞ்ச நாள் ஓட்டிட்டு ஒரு ஃபில்டர கழட்டி உள்பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க. மூலையிலேருந்து பென்சில்ல இழுத்த மாதிரி பழுப்பு கோடு ஒண்ணு வெள்ளை மடிப்பு மேல இறங்கியிருந்தா அங்க ஒழுகுதுன்னு அர்த்தம். விரல வச்சா மாவு ஒட்டும். அந்த ஒரு மில்லிமீட்டர் சந்த அடைங்க.

ஸ்டெப் 5: வைக்கிற இடம்

தூசி கிளம்புற இடத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ஆள் நிக்கக் கூடாது, நின்னா மொத்தத் தூசியும் அவர் மூக்க தாண்டித்தான் போகும். ஜன்னல் ஓரமா வேணாம். வேலை முடிச்சு வீட்டுக்கு கிளம்புறப்ப நிறுத்தாதீங்க, டைமர் சுவிட்ச் போட்டு இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க.

ஸ்டெப் 6: எப்ப மாத்துறது

கொத்தனார் மட்டம் பாக்குற லெவல் ட்யூப் ஒண்ணு எடுத்து வளைச்சு கலர் தண்ணி, ஒரு சொட்டு சோப்பு விடுங்க. ஒரு முனை பெட்டிக்குள்ள, இன்னொரு முனை வெளிய. நம்ம பெட்டியில வித்தியாசம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் வரும், நிமிர்த்தி வச்சா தெரியாது. அதனால ட்யூபோட ரெண்டு காலையும் 10 அங்குலத்துக்கு 1 அங்குலம் ஏத்தமுள்ள பலகையில சாய்ச்சு ஒட்டுங்க, 1 மில்லிமீட்டர் வித்தியாசம் பலகை மேல 10 மில்லிமீட்டரா தெரியும். புதுசுல ரெண்டு கால்லயும் தண்ணி எங்க நிக்குதோ அங்க பேனாவால கோடு போடுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு மடங்கானா முதல்ல ப்ரீ ஃபில்டர துவைங்க, அப்பவும் இறங்கலன்னா மெர்வ் 13ஐ மாத்துங்க.

அப்டேட்: கேட்டவங்களுக்கு

மெர்வ் 13ஐ சோப்பு போட்டு அலசலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க. கூடவே கூடாது. அந்த இழையில மின்னேற்றம் இருக்கு, அதுதான் சின்னத் துகள இழுக்குது, நனைச்சா அது போயிடும், பாக்க புதுசு மாதிரி இருக்கும் ஆனா பிடிக்காது. கம்ப்ரஸர் காத்தால ஊதுறதும் வேணாம், இழை கிழியும், பிடிச்ச தூசி பூரா திரும்ப அறைக்குத்தான் வரும்.

ஆடிக் காத்துல, நுண்தூசிய அளக்குற பிஎம் 2.5 மீட்டர் ஏறுதேன்னு ஒரு தம்பி கேட்டார். அது மரத்தூசி இல்ல, வெளிய பறக்குற செம்மண்ணு. காத்து வர்ற பக்கத்து ஜன்னல சாத்துங்க. சின்ன பிஎம் 2.5 மீட்டர் காட்டுற நம்பர அப்படியே நம்ப வேணாம், ஃபேன் போடுறதுக்கு முன்னாடி பின்னாடி எவ்வளவு இறங்குதுன்னு மட்டும் பாருங்க.

பழைய பெயிண்ட் அடிச்ச கதவ காய்ஞ்சபடி சாண்டர் போடாதீங்க, எந்த ஃபில்டர் இருந்தாலும் சரி. பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பு நம்ம நாட்டுல கட்டாயமானதே 2017 நவம்பர்லதான். அந்தக் கதவுல இருக்கறது அதுக்கும் பல வருஷம் முந்தின பெயிண்ட். ரிமூவர் தடவி ஈரமா சுரண்டுங்க. அதே மாதிரி தின்னர், லேக்கர் ஸ்ப்ரே அடிக்கிறப்ப பெட்டிய நிறுத்திடுங்க, இந்த ஃபில்டர் ஆவிய பிடிக்காது, மோட்டார் பொறி பட்டா தீப்பிடிக்கும்.

ஆத்தங்குடி பக்கத்துல டைல் பட்டறை வச்சிருக்க ஒரு அண்ணன் எங்களுக்கும் இதே பெட்டி ஆகுமான்னு கேட்டார். உங்களுக்கு தூசி கிளம்புறது சிமெண்டையும் மணலையும் காய்ஞ்சபடி கலக்குற இடத்துலதாண்ணே, கண்ணாடி மேல கலர் ஊத்தி அச்சுல வார்க்குற இடம் ஈரம்தான். மணல்ல சிலிக்கா இருக்கு, அந்த நுண்தூசி மரத்தூசிய விட மோசம். அதனால கலக்குற இடத்த தனியா பிரிச்சு மறைப்பு கட்டி, அங்க காத்த அப்படியே வெளிய தள்ற எக்ஸாஸ்ட் போடுங்க, ஆளுங்க நடமாடாத பக்கமா. சிமெண்ட் மூட்டைய உதற வேணாம், தரைய கூட்டாம தண்ணி விட்டு கழுவுங்க, கலக்குற தம்பிக்கு தாடி இருந்தா என்95 ஒட்டாது, அவரையும் கவனிங்க.